ஒருத்திக்கு மட்டும் போகாத மெயில்

அத்தியாயம் 5

தனியார் துப்பறிவாளர் ஆராபா குவான்சாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவளிடம் பல வருஷமாக உதவியாளனாகக் குப்பை கொட்டும் செலோமுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அக்கோலா மாவு மில்லின் ஆபீஸ் அறையில் அவள் குரல் பாதாளத்துக்கு இறங்கியபோது அவன் தன் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டான்.

"மிஸ்டர் அசியாமா, இன்னொரு தடவை சொல்லுங்க. நான் எதுல கையெழுத்துப் போடணும்?"

மில் முதலாளி அசியாமா ஒரு காகிதத்தை மேஜைமேல் தள்ளினார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாத முகம்.

"இதுல. மெஷின் தானா உளறிடுச்சு, அதை இணைச்சுக் குடுத்த பொண்ணு கவனமா இல்ல. அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்காரங்க வெளியாள் ஒருத்தர் கையெழுத்து இருந்தாத்தான் மாவைத் திரும்ப அலமாரியில வைப்போம்கறாங்க."

"விசாரிக்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"முடிவை நானே டைப் பண்ணி வெச்சிருக்கேனே. உங்களுக்கு வேலை மிச்சம்."

"நல்ல மனுஷர் மேடம்," என்றான் செலோம். "கல்யாணச் சாப்பாட்டை அவரே சாப்பிட்டுட்டு நமக்கு ஏப்பத்தை மட்டும் தர்றார்."

வெளியே கேட்டில் தகரம் அடிபடும் சத்தம் நிற்கவே இல்லை. மாவு டப்பாக்களால் தாய்மார்கள் கேட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் காலை கானா நாட்டின் அக்ரா நகரத்தில் அக்கோலா மாவு வாங்குகிற அத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு மெயில் போயிருந்தது. 'அக்கோலா மாவைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். சோளம் கெட்டது. வீட்டில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள்.' அனுப்பியது வேறு யாருமில்லை, அக்கோலா கம்பெனியின் சொந்த மெயில் கணக்கு. வாராவாரம் கஞ்சிக் குறிப்பும் குழந்தை வளர்ப்பு யோசனையும் அனுப்புகிற அதே கணக்கு.

அந்த வாராந்திர மெயில்களை எழுதுவது ஒரு ஏஐ ஏஜென்ட். பைதான் என்கிற கணினி மொழியில் புரோகிராம் எழுதி அதை மெயில் சர்வீஸோடு இணைத்துக் கொடுத்தவள் டெடே லார்ட்டே என்ற இருபத்தாறு வயதுப் பெண். மெஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அசியாமா ரேடியோவில் சொன்னார். ரேடியோ கேட்ட போலீஸ் டெடேயைத் தூக்கிக்கொண்டு போனது. நேற்று மாலையிலிருந்து அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஆராபா இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இன்று சாயங்காலத்துக்குள் அவள்மேல் வழக்கு பதிவாகும். போடாவிட்டால், வேறு யாராவது போடுவார்கள்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் ஆராபா இங்கே வந்திருந்தாள். ஸ்டேஷன் வாசலில் டெடேயின் அம்மா நின்றிருந்தாள். டெடே அழவில்லை. "என் புரோகிராமைப் படிச்சீங்களா மேடம்? யாருமே படிக்கல," என்று மட்டும் சொன்னாள். அதுதான் ஆராபாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு பெண்ணை உள்ளே தள்ள இவ்வளவு பேருக்கு நேரம் இருக்கிறது, அவள் எழுதியதைப் படிக்க ஒருவனுக்கும் நேரம் இல்லை.

"செலோம், படிச்சியா?"

டெடே மில்லில் விட்டுப்போன லேப்டாப் அவன் மடியில் இருந்தது. "படிச்சேன் மேடம். ஒரு பக்கம்கூட இல்ல. இந்த மெஷினுக்கு அவ மூணு கை குடுத்திருக்கா. ஒரு கை வாடிக்கையாளர் பேரைப் படிக்கும். ஒரு கை மெயிலை எழுதி மெயில் சர்வீஸ்ல வரைவா வெக்கும். இன்னொரு கை, போன வாரத்து மெயிலை யார் திறந்து பாத்தாங்கன்னு எண்ணும்."

"அனுப்பற கை?"

"குடுக்கவே இல்ல. எழுதி வெச்சதை மனுஷன் ஒருத்தர் படிச்சுப் பாத்து, மெயில் சர்வீஸ் பக்கத்துல போய் பட்டனை அமுக்கணும். அப்பத்தான் போகும். மெஷின் எவ்வளவு உளறினாலும் அது வரைவுப் பெட்டிக்குள்ளதான் உளறிக்கிட்டுக் கிடக்கணும்."

ஆராபா அசியாமா பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா?"

"கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் நடக்கும்," என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"உங்க மில்லு பட்டனை அமுக்காம அரைக்குமா?"

"அது வேற, இது வேற."

"பட்டன் பட்டன்தான். எவனோ அமுக்கியிருக்கான். பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

இதற்குப் பதில் சொல்ல அசியாமா தேவைப்படவில்லை. செலோம் கையை நீட்டி, சுவரில் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தைக் காட்டினான். பாஸ்வேர்டு பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, இதய வடிவம் ஒன்றும் வரைந்து ஒட்டப்பட்டிருந்தது.

"மில்லுக்கு வர்ற கோழிக்குக்கூடத் தெரியும் மேடம்."

"வேற என்ன இருக்கு வரைவுப் பெட்டியில?"

"இன்னிக்குக் காலையில சார் மெஷினை ஒரு மெயில் எழுதச் சொல்லியிருக்கார். 'நேற்றைய மெயில் தவறு, எங்கள் மாவு சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' அப்படின்னு. மெஷின் அழகா எழுதியிருக்கு. ஆனா நடுவுல ஒரு இடத்தைக் காலியா விட்டுட்டு, 'எந்தச் சோதனை, யார் செய்தது என்று சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்'னு கேட்டிருக்கு."

"அதை நான் நிரப்பிக்கறேன்," என்று அசியாமா அவசரமாகச் சொன்னார். "சாயங்காலச் செய்திக்கு முன்னால அது போகணும்."

ஆராபா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். மனதில் ஓர் ஓரமாக அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு மேடம்." செலோமின் குரலில் கிண்டல் காணாமல் போயிருந்தது. "நேத்து மெயில் எல்லாருக்கும் போயிருக்கு. ஒருத்திக்குத் தவிர. தானா விட்டுப்போகல, யாரோ வேணும்னே அவ பேருக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துட்டு அனுப்பியிருக்காங்க."

"யார் அவ?"

"கோர்க்கோர்னு பேரு. மாம்ப்ரோபியில வீடு."

அந்த நேரத்தில்தான் அசியாமாவின் மனைவி எஃபுவா வாசலில் வந்து நின்றாள். மில்லும் வீடும் ஒரே மதிலுக்குள். கையில் தட்டு, தட்டில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். மாவு பாக்கெட்டில் சிரிக்கிற முகம் அவளுடையதுதான். நேரில் அந்த முகம் சிரிக்கவில்லை. வாசற்படியில் ஒரு கணம் நின்றாள், பிறகு தட்டோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

செலோமின் கண்கள் தண்ணீரின் பின்னாலேயே போயின.

அசியாமா மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? அவதான். போட்டிக் கம்பெனி ஆளு. தான் எழுதின மெயில் தனக்கு எதுக்குன்னு விட்டிருக்கா. போய்ப் பிடிங்க அவளை."

முதல் தடவையாக அவர் சொன்னதில் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. அதுவே ஆராபாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

* * *

"தண்ணிகூடக் குடுக்காத வீடு மேடம் அது," என்று காரில் ஏறியதிலிருந்து புலம்பினான் செலோம். "எங்க ஊர்ல கடன் கேக்க வர்றவனுக்குக்கூட முதல்ல தண்ணி குடுத்துட்டுத்தான் இல்லைன்னு சொல்லுவாங்க. கண்ணு முன்னால காட்டிட்டு எடுத்துட்டுப் போறது என்ன பழக்கம்? எனக்கு இப்ப ரெண்டு மடங்கு தாகம்."

"சிக்னல்ல ஒரு தண்ணிப் பை வாங்கிக் கடிச்சுக் குடிச்சுக்கோ."

"வாங்கியிருப்பேன். நீங்க சிக்னல்ல நிறுத்தினாத்தானே."

ஆராபா நிறுத்தவில்லை. முன்னால் போன டிரோட்ரோ வேன் நடுரோட்டில் ஆள் ஏற்ற நின்றபோது அவள் அடித்த ஹாரனில், ஏற வந்த ஆளே பயந்து பின்வாங்கினான். அவள் மனதுக்குள் கோர்க்கோர் என்கிற பெண்ணுக்கு ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தாள். நகப்பூச்சு, புதுப் போன், போட்டிக் கம்பெனிப் பணம். அந்தப் பெண் செய்ததற்கு இன்னொரு பெண் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கொத்தாகப் பிடித்து டெடே முன்னால் நிறுத்த வேண்டும். இதைத் தவிர ஆராபாவுக்கு வேறு யோசனை ஓடவில்லை.

மாம்ப்ரோபியில் அந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு ரேடியோ அலறியது. எல்லாவற்றிலும் மாவு மெயில் பேச்சுத்தான். கோர்க்கோர் இருந்த முற்றத்து வீட்டில் மட்டும் எல்லா ரேடியோவும் அணைக்கப்பட்டிருந்தது. நடு முற்றத்தைச் சுற்றி ஆறேழு குடித்தனம், துணி காயும் கொடி, ஃபுஃபு களி இடிக்கும் உரல். உரலும் ஓய்ந்திருந்தது. ஆராபா விடுவிடுவென்று நடந்து, ஒரு பெண் காட்டிய கதவைத் தட்டாமலே தள்ளினாள்.

"கோர்க்கோர் யாரு?"

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் கறுப்புத் துணி சுற்றியிருந்தாள். முப்பது வயது இருக்காது. மூலையில் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சின்னச் சின்னச் சட்டைகள், மடித்து.

ஆராபா தான் தள்ளிய கதவை மெதுவாகப் பிடித்து நிறுத்தினாள்.

"நான்தான் அக்கா. உக்காருங்க," என்றாள் அவள். எழுந்துபோய் பானையிலிருந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள். ஒன்றை ஆராபாவிடம், ஒன்றை வாசலில் தயங்கி நின்ற செலோமிடம், வலது கையால் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். எந்தத் துக்கத்திலும் விட்டுப்போகாத முறை அது. பிறகு கேட்டாள்.

"வழியெல்லாம் சௌக்கியமா? வந்த சேதி என்ன?"

தண்ணீர் குடித்தவர்கள் வந்த சேதியைச் சொல்லியாக வேண்டும். ஆராபாவால் சொல்ல முடியவில்லை.

"உன்னைப் பாக்கத்தான் வந்தோம் தங்கச்சி," என்றாள் கடைசியில். அது பொய்யுமில்லை, நிஜமுமில்லை. "எப்ப ஆச்சு?"

"போன ஞாயித்துக்கிழமை. எட்டு மாசப் பையன். வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தான், கண்ணு மஞ்சளாச்சு. ஏதோ காய்ச்சல்னாங்க."

"யார் யார் வந்தாங்க துக்கத்துக்கு?"

"சின்னப் பிள்ளை சாவுக்கு யார் அக்கா வருவா? போஸ்டர் ஒட்டறதில்ல, பந்தல் போடறதில்ல. பெத்தவ கல்லறைக்கே போகக்கூடாது. இந்த முற்றத்து ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "வெளியாள் ஒரே ஒருத்தங்க வந்தாங்க. பையன் வாந்தி எடுக்கறான், கஞ்சியில தண்ணி ஜாஸ்தி விடணுமான்னு கேக்க மாவு பாக்கெட்ல இருந்த நம்பருக்கு நான் போன் பண்ணியிருந்தேன். எடுத்தவங்க என் விலாசம் கேட்டாங்க. மறுநாள் நேர்லயே வந்துட்டாங்க. ஆனா அதுக்குள்ள..."

"பேர் சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா தினம் காலையில அந்த பாக்கெட்டைத்தானே திறக்கறேன். அந்த முகம் தெரியாதா எனக்கு? அதே அம்மா. இதோ இந்த இடத்துலதான் உக்காந்தாங்க. தண்ணி குடுத்தேன், குடிச்சாங்க. வந்த சேதி கேட்டேன். ஒண்ணுமே சொல்லல அக்கா. அழுதாங்க. என்னைவிட ஜாஸ்தி அழுதாங்க. போகும்போது மிச்சமிருந்த மாவு டப்பாவை எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க. எனக்கு எதுக்கு இனிமே, எடுத்துக்கங்கன்னேன்."

வாசலில் செலோம் டம்ளரைத் தரையில் வைத்தான்.

* * *

காரில் ஏறியும் ஆராபா சாவியைத் திருப்பவில்லை.

"மெஷினுக்குத் துக்க வீடு தெரியாது," என்றாள் அவள். "போட்டிக் கம்பெனிக்கும் தெரியாது. இந்த ரூம்ல வந்து உக்காந்து எழுந்து போனவளுக்குத்தான் தெரியும். 'உன் பிள்ளை தின்ன மாவு கெட்டது'ன்னு இந்தப் பொண்ணு போன்ல ஒரு மெயில் வந்து விழறதை நினைச்சுப் பாத்திருக்கா. கை வரல. டிக்கை எடுத்துட்டா."

"தண்ணித் தட்டு," என்றான் செலோம் மெதுவாக. "கோர்க்கோர்னு நான் பேர் சொன்னப்பதான் திரும்பிப் போனாங்க. தண்ணி குடுத்தா வந்த சேதியைக் கேக்கணும்."

"ஆமா. கேட்டா, மெயில் அனுப்பினது யாருன்னு தேடறோம்னு நாம சொல்லியிருப்போம்."

கோபம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதற்குப் போக வேண்டிய இடம் தெரிந்திருந்தது. மெயிலில் இருந்தது உளறல் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அந்த மனுஷன் அதைப் பொய்யாக்க ஒரு மெஷினையும் ஒரு பெண்ணையும் பலி கொடுக்கப் பார்க்கிறான். சாயங்காலச் செய்திக்கு முன்னால் 'பாதுகாப்பானது' என்று இன்னொரு மெயில் போகும். கேட்டை இடிக்கிற அத்தனை பேரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் கஞ்சி கிண்டுவார்கள்.

"செலோம், பெல்ட் போட்டுக்கோ."

"போட்டாச்சு மேடம். கண்ணையும் மூடியாச்சு. போங்க."

* * *

அசியாமா மெயிலின் காலி இடத்தை நிரப்பி முடித்திருந்தார். 'அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்' என்று பொத்தாம்பொதுவாக. விரல் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆராபா உள்ளே வந்ததும் வராததுமாக லேப்டாப்பை அவர் முன்னாலிருந்து இழுத்துச் செலோமிடம் கொடுத்தாள்.

"என்ன இது அநியாயம்?"

"எந்த ஆய்வகம்?"

"ஏதோ ஒண்ணு. பிடிச்சீங்களா அவளை?"

"மெஷின் உங்களைக் கேட்ட ஒரே கேள்வி அது. ரேடியோ கேக்கல, போலீஸ் கேக்கல. நீங்க உளறுதுன்னு சொன்ன மெஷின் கேட்டுச்சு." அவள் குரல் இப்போது தரையில் ஊர்ந்தது. "மேடம் எஃபுவாவைக் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். இப்போது கையில் தட்டு இல்லை.

"மாம்ப்ரோபியில தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்றாள் ஆராபா.

எஃபுவா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவர் அவளைப் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை, எச்சரிக்கை இருந்தது. ஆக, அவருக்கும் தெரியும்.

"எஃபுவா, நீ உள்ள போ."

"மழையில நனைஞ்ச சோளம்," என்றாள் எஃபுவா, அவரைப் பார்க்காமல். "மலிவா கிடைச்சது. நல்லா வறுத்தா நாத்தம் போயிடும்னார். அந்த வீட்டுலேருந்து கொண்டு வந்த மாவைக் கோழிக்கு வெச்சேன் சிஸ்டர். ஒரு கோழிகூட மிஞ்சல. இவர்கிட்ட சொன்னேன். கோழிக்கு ஏதோ நோய்னார். அப்புறம்தான் நான்..."

"பட்டனை அமுக்கினீங்க."

"ஆமா."

செலோம் ஆராபாவைப் பார்த்தான். அவள் இளகுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் இளகவில்லை.

"நல்ல காரியம் பண்ணீங்க. எத்தனையோ பிள்ளைங்களைக் காப்பாத்தினீங்க. அப்புறம் டெடேயை ஜீப்புல ஏத்தினாங்களே, அப்ப எங்க இருந்தீங்க?"

"மாடியில."

"ஜன்னல் வழியாப் பாத்தீங்களா?"

எஃபுவா தலையசைத்தாள்.

"கோர்க்கோர் மனசு நோகக்கூடாதுன்னு அவ்வளவு யோசிச்ச நீங்க, டெடேயோட அம்மாவைப் பத்தி யோசிச்சீங்களா? அந்தம்மா நேத்து ராத்திரியிலேருந்து ஸ்டேஷன் வாசல்ல நிக்கறாங்க. சுவத்துல இதயம் வரைஞ்சு பாஸ்வேர்டு ஒட்டினது நீங்கதானே? அது எல்லாருக்கும் தெரியும், யாரும் உங்களைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு சும்மா இருந்துட்டீங்க. உண்மையைச் சொல்லிட்டு ஒளிஞ்சுக்கிட்டா, அடி வேற ஒருத்தி மேலதான் விழும்."

"இந்த வீட்டுல இருந்துக்கிட்டு நான் எப்படி..." என்று ஆரம்பித்து எஃபுவா நிறுத்திக்கொண்டாள்.

அசியாமா எழுந்தார். "போதும். உங்க ஃபீஸை வாங்கிக்கிட்டுக் கிளம்புங்க. என் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, அவ பேச்சை எவனும் நம்ப மாட்டான்."

"நம்புவாங்க சார்," என்றான் செலோம். "பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு அவங்க மூஞ்சியைத்தானே அச்சடிச்சிருக்கீங்க. உங்க மூஞ்சியைப் போட்டிருந்தா நீங்க சொல்றது சரி."

ஆராபா அந்தக் கையெழுத்துக் காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்து மேஜையில் வைத்தாள். செலோமிடமிருந்து லேப்டாப்பை வாங்கி, அசியாமாவின் எழுத்தை அழித்துவிட்டு, எஃபுவா பக்கம் திருப்பினாள்.

"மெஷின் எழுதாது, நான் எழுத மாட்டேன். உங்க கையால எழுதுங்க."

எஃபுவா உட்கார்ந்தாள். அசியாமா அவள் தோளைப் பிடிக்க வந்தபோது செலோம் நடுவில் நாற்காலியைப் போட்டு அதில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டான். வெளியே கேட்டில் டப்பாக்கள் இடித்துக்கொண்டே இருந்தன. எஃபுவா மெதுவாக, ஒற்றை விரலால் எழுதினாள்.

'நேற்றைய மெயில் உண்மை. மாவைக் கொட்டுங்கள். வாந்தியோ மஞ்சள் கண்ணோ இருந்தால் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதை அனுப்பியது இயந்திரமோ டெடே லார்ட்டேயோ இல்லை. நான். எஃபுவா அசியாமா.'

"எஃபுவா, அமுக்கினா நாம ரெண்டு பேரும் தெருவுல," என்றார் அசியாமா.

அவள் அமுக்கினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கேட்டின் சத்தம் ஓரிடத்தில் நின்றது, இன்னோரிடத்தில் நின்றது, முழுசாக நின்றது. வெளியே அவ்வளவு பேரும் போனைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அசியாமா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதல்ல ஸ்டேஷன்," என்றாள் ஆராபா. "டெடே வெளிய வந்து அவ அம்மா கையைப் பிடிக்கற வரைக்கும் நீங்க அங்க நிக்கறீங்க. ஜன்னல் வழியா இல்ல, நேர்ல."

"சரி." எஃபுவா எழுந்தாள். அவள் கண் திரையிலேயே இருந்தது. "சிஸ்டர், இது எல்லாருக்கும் போயிடுச்சு. கோர்க்கோருக்கும் போயிருக்குமா?"

"போகல. லேப்டாப் என் கையில இருந்தப்பவே அந்த டிக்கை நானும் எடுத்துட்டேன்," என்றான் செலோம்.

எஃபுவா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் ஆராபாவுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டேஷன் முடிஞ்சதும் மாம்ப்ரோபி போறோம். நானும் வரேன், நானும் அங்க ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்தவதான். தண்ணி குடுப்பா. குடிங்க. வந்த சேதி என்னன்னு கேப்பா." கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஆராபா வாசலுக்கு நடந்தாள். "இந்தத் தடவை சொல்லிட்டுத்தான் எழுந்திருக்கணும்."